கரடியின் வயிறு

“கையை இறக்காதீங்கக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான்” என்கிறான் வாஹித். அவன் குரல் தலைக்கு மேலே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, ஆள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நான் கூடத்தின் நடுவில் கால்களைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருஷமாக இந்த ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன், இந்தக் கூடத்தின் நடுவில் வந்து நிற்பது இன்றைக்குத்தான். ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிவைத்திருந்த மில் குடோன் இது, மழை பெய்தால் இப்போதும் பஞ்சு வாசனை வரும் என்று வாட்ச்மேன் சொல்வார், எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, இப்போது எனக்கு வருவதெல்லாம் இந்தப் புது உடையின் ரப்பர் வாசனைதான். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, திருப்பூரில் அளவு கொடுத்துத் தைத்தது. வயிற்று அளவு சரிதானா மேடம், தப்பா எழுதிடலையே என்று டெய்லர் போன் பண்ணிக் கேட்டாராம். உடை முழுக்க கோலிக்குண்டு அளவில் வெள்ளிப் பந்துகள், தோளில், முழங்கையில், இடுப்பில், முழங்காலில், குதிகாலில், வயிற்றில். மேலே சுற்றிலும் கம்பியில் தொங்குகிற கேமராக்களுக்கு என் மூஞ்சி வேண்டாம், இந்தப் பந்துகள் எங்கே போகின்றன என்று மட்டும் பார்த்தால் போதும். பந்துகள் போகிற இடத்துக்கெல்லாம் எதிர்ச்சுவரில் இருக்கிற பெரிய திரையில் கரடி போகும். இப்போது கரடியும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. கறுப்பு மயிர், நெஞ்சில் வெள்ளைப் பட்டை, நீண்ட நகம். பேருந்தில் இடம் இல்லாமல் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அப்படி ஒரு பொறுமை அதன் முகத்தில், அந்தப் பொறுமையை வரைந்ததும் நான்தான், எனக்கு இருக்கிறதா என்று பார்த்தால் இல்லை, காலையிலிருந்து இல்லை, காலையிலிருந்து ஒன்றும் அசையவில்லை. வேண்டாம். கரடியைப் பார்.

கரடிக்குப் பொம்மி என்று பேர். குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர், இரண்டு காலில் நடக்கிற, பேசுகிற மிருகங்கள், வால்பாறைப் பக்கத்துக் காடு. பொம்மி மாசமாக இருக்கிறாள், மழைக்கு முந்திக் குகை தேடி மலை ஏறுகிறாள், இதுதான் சீன். மற்ற நாளெல்லாம் பொம்மிக்காக நடந்தது சாருமதி, பரதநாட்டியம் ஆடுகிற பெண், கொடி மாதிரி இருப்பாள். இந்த சீனுக்காக அவள் வயிற்றில் தலையணையைக் கட்டி நடக்கவிட்டோம். திரையில் பார்த்தால் தலையணையைத் திருடிக்கொண்டு ஓடுகிற கரடி. எங்களோடு வேலை பார்க்கிற அஸ்ஸாம் பையன்கள் இரண்டு பேர் சிரித்துச் சிரித்துக் கேன்டீனுக்கே போய்விட்டார்கள். மெர்லின்தான் டைரக்டர், நாகர்கோவில்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. “வயிறு முன்னாடி இருக்குன்னு முதுகுக்குத் தெரியணும். இவளுக்குத் தெரியலையே” என்றாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி மாசமாக இருக்கிற என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நானேதான் சொன்னேன், நான் நடக்கட்டுமா என்று. சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிறத்தியார் உடம்பைப் புள்ளியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னாருடைய இடது தோள் தாழ்ந்தது, இன்னார் நடந்தால் குதிகால் வெளிப்பக்கம் தேயும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் மூஞ்சியை மறந்துவிட்டு முட்டியைத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன். என் புள்ளி எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு ஆசை. அதோ இருக்கிறது. கரடியின் வலது தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மவுஸ் பிடித்துப் பிடித்து ஏறிய தோள். பொம்மி எந்த ஆபீசில் வேலை பார்த்தாளோ.

“அக்கா, மூக்குத்தி” என்றான் வாஹித். மூக்குத்தி மின்னினால் கேமரா அதையும் ஒரு பந்து என்று எடுத்துக்கொள்ளும், கரடிக்கு மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் முளைக்கும். மெர்லின் வந்து கறுப்பு டேப்பில் ஒரு துணுக்குக் கிழித்து என் மூக்கில் ஒட்டினாள். கொலுசு, மெட்டி, வளையல் எல்லாம் கழற்றிக் கைப்பையில். தாலிக்கொடியை உடைக்குள் தள்ளி அதன் மேலும் ஒரு டேப். “மாமியார் பாத்தா என்ன சொல்வாவ?” என்று கேட்டாள் மெர்லின். “கரடி வேசம் கட்டறேன்னு சொன்னேன். சாப்பிட்டுட்டுப் போய்க் கட்டுன்னாங்க” என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். இரண்டு தோசை. தோசைக்கு அப்புறம் எப்போதும் கொஞ்சம் தெரியும், மீன் வாலால் தட்டின மாதிரி அடியில் எங்கேயோ, அது நிஜமாகத் தட்டியதா வயிற்றுக் கடமுடாவா என்று யோசிப்பதற்குள் போய்விடும். இன்றைக்கு அதுவும் இல்லை. நேற்று ராத்திரி இருந்ததா. இருந்தது. இருந்த மாதிரிதான். இந்த ‘மாதிரி’ என்கிற வார்த்தை இருக்கிறதே.

டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார், நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரு மெத்தை போட்ட மாதிரி, உதைத்தாலும் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, பயப்படாதீங்க என்று. பயப்படாதீங்க என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் கிளினிக்குக்குப் போன் செய்தேன். “இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, இனிப்பா ஏதாச்சும் குடிங்க” என்றாள் நர்ஸ். குடித்தேன். படுத்தேன். மின்விசிறி சுற்றியதையும் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியதையும் மாமியார் சாமிக்கு மணி ஆட்டியதையும் உடம்பு முழுக்க உணர்ந்தேன், உள்ளே இருப்பது மட்டும் தெரியவில்லை. மறுபடியும் கூப்பிட்டதற்கு, டாக்டர் மத்தியானம் வந்துவிடுவார், நேரே வாங்க, ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றாள். கிளினிக் இங்கிருந்து இரண்டு தெரு. மத்தியானம் வரைக்கும் வீட்டில் படுத்து மிக்ஸி சத்தம் கேட்பதற்கு இங்கே வந்து கரடியாக நிற்கலாம் என்று வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சபரி விடிவதற்கு முன்பே உடுமலைக்குக் கிளம்பிவிட்டார், ஏதோ தென்னந்தோப்பில் புது மோட்டார் இறக்குகிறார்கள், கம்பெனி ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது ஒரு விஷயமாகிவிடும். சொல்லாத வரைக்கும் அது என் யோசனைதான், யோசனையைத் திருத்தலாம், அழிக்கலாம், முந்தின நிலைக்குத் திரும்பிப் போகலாம், ஒரு பட்டனை அமுக்கினால் போதும். போன தடவை எந்தப் பட்டனும் இல்லை. போன தடவை ஐந்தாம் மாதம். என் மேஜையில் உட்கார்ந்து ஒரு முயலின் காதைச் சரிசெய்துகொண்டிருந்தேன், காது காற்றில் மடங்கி மறுபடி நிமிர வேண்டும், நிமிரும்போது கடைசியில் ஒரு சின்ன துள்ளல் வேண்டும், அந்தத் துள்ளல் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நாற்காலியில் ஈரமாக இருந்தது. திரும்பி வேலைக்கு வந்தபோது அந்த முயலை யாரோ முடித்துவைத்திருந்தார்கள். துள்ளல் சரியாக வந்திருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, வாஹித் சொல்லவும் இல்லை, ஆனால் அவன் எப்போதும் துள்ளலைக் கொஞ்சம் அதிகமாக வைப்பான், அது எனக்குத் தெரியும்.

கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கரடிக்கும் நடுங்குகிறது, பாவம். “ரெண்டு கையும் வலிக்குதுடா வாஹித்” என்றேன். “சாரிக்கா. வயித்துல ஒரு பந்து மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. இடது பக்கம், கீழ. நடுங்குது” என்றான். வயிற்றுப் பந்துகள் என் யோசனை. சாதாரணமாக வயிற்றுக்குப் பந்து வைக்க மாட்டோம், இடுப்புக்கு வைத்தால் போதும், வயிறு தானாகப் பின்னால் வந்துவிடும். பொம்மியின் வயிறு தளும்ப வேண்டும், குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காக நாலு பந்து கூட வைத்து, அந்த நாலுக்கு மட்டும் ஒரு பெருக்கல் போட்டிருந்தேன். ஆள் வயிறு ஒரு நூல் அசைந்தால் கரடி வயிறு நாலு விரல்கடை ஆடும். போன வாரம் மெர்லினே ஸ்டூடியோவின் பழைய உடையை மாட்டிக்கொண்டு தும்மிக் காட்டினாள், பொம்மி வயிறு திரையின் ஓரம் வரை போய் வந்தது. அன்றைக்கு ஸ்டூடியோவில் யாருக்கும் வேலை ஓடவில்லை, ஆளாளுக்கு வந்து தும்மிப் பார்த்தார்கள். எங்களுக்குக் கொடுத்திருக்கிற மிஷினின் விலைக்கு முதலாளி இதைப் பார்த்து அழுதிருக்க வேண்டும். விலை தெரிந்துதான் அவரும் வந்து ஒரு தடவை தும்மினார்.

வாஹித் வெளியே வந்தான். பந்து ஒட்டியிருக்கிற இடத்தைத் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தான், கிட்டே வரக் கூச்சம். “அக்கா, நீங்களே ஒருக்கா அழுத்திப் பாருங்க.” அழுத்தினேன். கெட்டியாக ஒட்டியிருந்தது. உடையும் விறைப்பாக இருந்தது, சுருக்கம் இல்லை. “ஏசி காத்தா இருக்குமோ” என்று ஏசியை நிறுத்தினான். “ரோட்ல லாரி போனா கேமரா ஆடும்” என்று ஏணி போட்டு ஏறி ஒரு கேமராவின் திருகை முறுக்கினான். அப்புறம் நுனியில் மூன்று பந்து வைத்த கம்பி ஒன்றை எடுத்துக் கூடம் முழுக்க வீசிக்கொண்டே நடந்தான், கேமராக்களுக்கு இடம் காட்டிக்கொடுக்கிற கம்பி அது. அவன் வீசுவதைப் பார்த்தால் சாமி கும்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி இருக்கும். நான் கையைத் தொங்கவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். கரடியும் தேய்த்துக்கொண்டது. வேர்த்தது. மெர்லின் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், “முடியலைன்னா விட்டுரலாம், கேட்டியா. கரடி எங்கயும் போயிராது” என்றாள். அந்த மாதிரி யாராவது மெதுவாகப் பேசினால்தான் எனக்கு ஆபத்து. “இல்ல மெர்லின், எடுத்துடலாம். மத்தியானம் ஒரு வேலை இருக்கு” என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கட்டுச்சோறு விருந்து, எங்கள் பக்கத்து வளைகாப்பு, அதற்கு வருகிறாள், ஏழு வகைச் சோறும் சாப்பிட வேண்டும் என்று இப்போதே பட்டினி கிடப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம். அடுத்த மாதம் என்று நினைத்ததும் மனசு ஒரு படியைத் தவறவிட்டு அடுத்த படியில் கால் வைத்தது. தேதி பார்த்தாகிவிட்டது, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, புடவை பாசிப்பச்சை, சபரி எடுத்தது, அவருக்கு எல்லாப் பச்சையும் ஒரே பச்சை.

“இப்போ சரியா இருக்கும். கையை நீட்டுங்கக்கா” என்றது ஸ்பீக்கர். நீட்டினேன். கரடி நீட்டியது. “ஆடாதீங்க.” ஆடவில்லை. “வயித்தை ஆட்டாதீங்கக்கா.” “நான் எங்கடா ஆட்டறேன்.” “இங்க ஆடுதே.” “மூச்சா இருக்குமோ” என்றாள் மெர்லின். “மூச்சுன்னா நாலு பந்தும் சேந்து ஏறி இறங்கும் மேடம். இது ஒண்ணு மட்டும். அக்கா, ஒருக்கா மூச்சை நிறுத்துங்க, பாத்துடறேன்.” மூச்சை நிறுத்தினேன். ஏசி இல்லாத கூடம், லாரி இல்லாத ரோடு. திரையில் பொம்மி சிலையாக நின்றாள், மயிர் நுனிகூட அசையவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவளுடைய வயிற்றின் இடது பக்கம், கீழே, உள்ளேயிருந்து யாரோ முழங்கையால் இடித்த மாதிரி வெளியே முட்டி, உள்ளே போனது. மறுபடி முட்டியது. பொம்மி முகத்தில் அதே பொறுமை. எனக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளியும் தெரியவில்லை. நான் அசையவில்லை, மூச்சு விடவில்லை, கேமரா திருகியாகிவிட்டது, பந்து ஒட்டியிருக்கிறது. “பாருங்க, அதே பந்து” என்றான் வாஹித் எரிச்சலாக, “மாத்திடலாம், வேற பந்து எடுத்துட்டு வர்றேன்.” மூன்றாவது தடவை முட்டியபோது கரடி வயிற்று மயிர் அலை அலையாகப் புரண்டு அடங்கியது. அந்த மயிர் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டவள் நான், இந்தக் கணக்கு என்னுடையது இல்லை.

“வாஹித்” என்றேன். மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. “பந்து சரியாத்தான் இருக்கு.”

கண்ணாடிக்குப் பின்னால் அவன் எழுந்து நின்றது தெரிந்தது. மெர்லின் திரைக்குப் பக்கத்தில் போய், விரலால் தொடப்போய், தொடாமல் நின்றாள். “எம் மக்ளே” என்றாள், என்னிடமா கரடி வயிற்றில் இருப்பதிடமா தெரியவில்லை. நான் அழுதேன். கையை இறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், நீட்டிய கையோடு அழுதேன், மூக்கில் ஒட்டிய டேப் நனைந்து தொங்கியது, எதிரே கரடி காய்ந்த கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அழுகைக்கு வயிறு குலுங்கியது, பொம்மி வயிறு பானை மாதிரி உருண்டது, அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் இன்னும் உருண்டது. “காலையிலேர்ந்து ஒண்ணும் தெரியல மெர்லின்” என்றேன், “மத்தியானம் ஸ்கேனுக்கு வரச் சொன்னாங்க” என்றேன், சொல்லியாகிவிட்டது, இப்போது அது பெரிய விஷயமாக இல்லை. “தெரியலைன்னா சொல்ல மாட்டியாட்டீ நீ” என்று அதட்டிவிட்டு, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் கரகரத்தது. “அக்கா” என்றான் வாஹித், “கையை இறக்கிக்குங்க.”

சபரிக்குப் போன் போட்டேன். பின்னால் மோட்டார் சத்தமும் தண்ணீர் கொட்டுகிற சத்தமும். “ஏங்க, கரடி வயிறு ஆடுச்சுங்க” என்றேன். “என்ன அம்மிணி? எந்தக் கரடி?” “என்ற கரடிதாங்க, நான் வரைஞ்ச பொம்மி. நான் மூச்சை நிறுத்திட்டு நிக்கறேன், உள்ள இருந்து உதைக்குது, எனக்குத் தெரியல, கரடிக்குத் தெரியுது.” அப்புறம் அவர் அங்கே யாரிடமோ, “ஏனுங்ணா, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொன்னது கேட்டது. சத்தம் அடங்கியது. தென்னை ஓலை அசைகிற சத்தம் வந்தது. “இப்பச் சொல்லு” என்றார், “முதல்ல இருந்து சொல்லு.” முதலிலிருந்து சொன்னேன், நர்ஸிலிருந்து. அவர் திட்டவில்லை. மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன், நானும் வருகிறேன் ஸ்கேனுக்கு என்றார். வைப்பதற்கு முன்னால், “எந்தப் பக்கம் உதைச்சுது?” என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். “இடதா” என்றார் ஒரு பெரிய தகவலைக் குறித்துக்கொள்கிறவர் மாதிரி, வைத்துவிட்டார்.

அப்புறம் நடந்தேன். மலைக்குப் பதிலாகச் சாய்வாக ஒரு பலகை மேடை, அதில் ஏற வேண்டும், ஏறி மேலே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். மெர்லின் சொல்லிக்கொடுத்தாள், மேகம் கறுத்திருக்கு, குகை கிடைக்குமோ கிடைக்காதோ, காலு நோவுது, பயம் இருக்கணும், கேட்டியா, உடம்பு முழுக்கப் பயம் இருக்கணும். சரி என்றேன். ஏறினேன். முதுகு தானாக வளைந்துகொண்டது, ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது, முதுகுக்கு வயிறு தெரிந்தது, எல்லாம் சரியாக வந்தது. “கட்” என்றாள் மெர்லின். “தோளு சிரிக்குது.” மறுபடி ஏறினேன், உதட்டைக் கடித்துக்கொண்டு. “உதட்டைக் கடிச்சா கேமராவுக்குத் தெரியாது. தோளு இன்னும் சிரிச்சுட்டுத்தான் இருக்கு.” நடக்கும்போது இந்தக் கால் வைக்கிற இடத்திலெல்லாம் தரை கொஞ்சம் என் பக்கம் எழும்பி வருகிறதே, நான் என்ன செய்ய. பயத்தை நினைத்துப் பார்த்தேன், மிக்ஸி சத்தத்தை, மின்விசிறியை, காலையில் அவ்வளவு இருந்ததே, கைக்கு அகப்படவில்லை. மறுபடி ஏறினேன். குதிகால் துள்ளுகிறது என்றாள். மறுபடி. “கொஞ்சம் முந்தி எடுத்திருந்தா சரியா இருந்திருக்கும்” என்றான் வாஹித், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மெர்லின் அவனை முறைத்தாள், என்னைப் பார்த்தாள், திரையில் மேட்டின் மேல் தோள் குலுங்க நிற்கிற பொம்மியைப் பார்த்தாள். கதைத் தாளை நாற்காலியில் போட்டாள்.

“சரி, மாத்திருவோம். மழை வரட்டும், மேகம் கறுக்கட்டும். இவ சந்தோஷமாவே ஏறட்டும். எதுக்குன்னு நான் அப்புறம் எழுதிக்கிடுதேன்” என்றாள்.

“ரெடியாக்கா?” என்றான் வாஹித்.

ரெடி என்றேன். கேமராக்களின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சிவந்தன. இடது காலை முதலில் எடுத்து வைத்தேன், பலகை லேசாக முனகியது, எதிரே கரடி மலை ஏற ஆரம்பித்தது.